ஆயிரம் வாட் ஸ்பீக்கருக்கு எத்தனை பேர் மிதிக்க வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது: ஐந்து பேர் கொண்ட இசைக்குழு, சென்னை. தை பிறந்ததும் சைக்கிளிலேயே கன்னியாகுமரிக்குக் கிளம்பி, வழியில் ஊர் ஊராக நின்று பாட ஆசை. ஜெனரேட்டர் கூடாது, யார் வீட்டு பிளக்கிலும் ஒயர் செருகக் கூடாது. ஓட்டிவந்த சைக்கிளையே ஸ்டாண்டில் ஏற்றி மிதித்து, அந்தக் கரண்டில்தான் மைக்கும் ஸ்பீக்கரும் ஓட வேண்டும். கையில் ‘1000 வாட்’ என்று எழுதிய ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது, அதற்கு எத்தனை பேர் மிதிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வாட் கணக்கைக் கேட்டிருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது கடைசி வரிசையில் நிற்பவருக்குப் பாட்டு கேட்குமா என்பதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் வேறு வேறு கேள்விகள். முதல் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் இருபது சைக்கிள் தேவைப்படும், திட்டத்தையே கைவிட்டுவிடுவீர்கள். இரண்டாவதைப் பிடித்தால் ஒன்றிரண்டு சைக்கிளில் வேலை முடியும்.

நான் மின்னியல் டிப்ளமோ படித்துவிட்டு சென்னையில் சவுண்ட் சர்வீஸ் தொழிலில் பல வருடம் இருந்தவன். ஆடி மாத அம்மன் கோயில், கட்சிக் கூட்டம், கல்யாண ரிசப்ஷன், கல்லூரி விழா எல்லாவற்றுக்கும் செட் போட்டிருக்கிறேன். பெடல் மிதித்து ஓடும் சிறிய செட்டுகளை நகருக்குள்ளேயே கட்டி ஓட்டியும் பார்த்திருக்கிறேன். ஞாயிறு காலையில் ஈ.சி.ஆரில் சைக்கிள் ஓட்டும் கூட்டத்தில் நானும் ஒருவன், சுமையோடு வெளியூர்ப் பயணமும் போனதுண்டு. ஆனால் இசைக்கருவிகளோடு குமரி வரை போனதில்லை. அதனால் கீழே மின்சாரம், ஒலி பற்றிச் சொல்வதைக் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். சாலையைப் பற்றிச் சொல்வதை ஒரு சைக்கிள்காரனின் கருத்தாக வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் உடம்புக்கும் வேகத்துக்கும் ஏற்ப அது மாறும்.

முதலில் அந்த 1000 வாட். ஸ்பீக்கர் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள். பி.எம்.பி.ஓ. என்று போட்டிருந்தால் அது வெறும் விளம்பரம், அதற்கு எந்த அளவுகோலும் கிடையாது. ‘பீக்’ என்று போட்டிருந்தால் ஒரு கண நேரம் தாங்கக்கூடிய உச்சம். ஆர்.எம்.எஸ். என்ற எண்தான் ஓரளவு பொருளுள்ளது. அதுவும் அந்தப் பெட்டியால் எவ்வளவு தாங்க முடியும் என்பதற்கான எண். எப்போதும் அவ்வளவு இழுத்துக்கொண்டே இருக்கும் என்று அர்த்தமில்லை. பாட்டு என்பது ஏறி இறங்குவது. தாளம் விழும் கணத்தில் உச்சிக்குப் போகும், இரண்டு அடிக்கு நடுவே கீழே வந்துவிடும். ஆம்ப்ளிஃபயரின் மின் நுகர்வை அளக்கும்போது முழுத் திறனில் எட்டில் ஒரு பங்கைத்தான் இசைக்கான சராசரி என்று தொழிலில் வைத்துக்கொள்வார்கள். ஆக, 200 வாட் ஆர்.எம்.எஸ். ஆம்ப்பை நன்றாக ஏற்றி வைத்துப் பாடினாலும் ஸ்பீக்கருக்குப் போவது சராசரியாக 25 வாட். ஆம்ப் ‘கிளாஸ் டி’ என்ற, அதிகம் சூடாகாத வகையாக இருந்தால் 35 வாட் போல இழுக்கும். பழைய, பின்னால் இரும்புத் துடுப்புகளோடு கனமாக இருக்கும் வகை என்றால் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இழுத்து மீதியைச் சூடாக்கி வெளியே விடும். மிதித்து ஓட்டும் செட்டுக்குக் கிளாஸ் டி தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள்.

இனி கால். பயிற்சி இல்லாத, ஆரோக்கியமான ஒருவர் ஒரு மணி நேரம் விடாமல் மிதித்தால் 75 முதல் 100 வாட் வரை தருவார். தினமும் ஓட்டுபவர் 150, அதற்கு மேலும் தரலாம். பந்தய வீரர்களின் கணக்கு வேறு, நமக்கு வேண்டாம். 80 என்று வைத்துக்கொள்வோம். டயரில் மின்னாக்கியின் உருளை உரசும் இழப்பு, மின்னாக்கியாகச் சுழலும் மோட்டாரின் இழப்பு, டயோடு, வோல்ட்டேஜ் கன்வெர்ட்டர் எல்லாவற்றையும் கழித்தால் ஆம்ப்புக்குப் போய்ச் சேருவது 45 முதல் 55 வாட். ஒருவர் மிதித்தாலே மேலே சொன்ன 35 வாட்டுக்குப் போதும், மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சருக்கும் கொஞ்சம் மிஞ்சும். இரண்டாவது சைக்கிள் பாதுகாப்புக்கும், ஆள் மாறும்போது இடைவெளி விழாமல் இருக்கவும்.

இதில் சென்னைக்காரர்கள் மறக்கக் கூடாத ஒன்று இருக்கிறது. உடம்பின் திறன் இருபது, இருபத்தைந்து சதவீதம்தான். 80 வாட் வெளியே வர, 300 வாட் அளவுக்கு உடம்பில் சூடாகிறது. சாலையில் ஓடும்போது எதிர்க்காற்று அந்தச் சூட்டை வாரிக்கொண்டு போகும். ஸ்டாண்டில் நிற்கும் சைக்கிளில் காற்றே கிடையாது. குளிர்நாட்டில் ஒருவர் முழுக் கச்சேரிக்கும் மிதிப்பதை வீடியோவில் பார்த்துவிட்டு அப்படியே பெசன்ட் நகர் கடற்கரையில் செய்தால், மாலை ஆறு மணிக்குக்கூடப் பத்தே நிமிடத்தில் சட்டை பிழியலாம். இரண்டு பாட்டுக்கு ஒரு முறை ஆளை மாற்றுங்கள். பக்கத்தில் உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ இருக்கட்டும். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மிதிக்கலாமா என்பதற்கெல்லாம் என்னிடம் பதில் கேட்காதீர்கள், அது மருத்துவர் சொல்ல வேண்டியது.

சரி, 25 வாட்டில் எவ்வளவு தூரம் கேட்கும்? இங்குதான் விஷயமே இருக்கிறது. ஸ்பீக்கருக்கு ‘சென்சிட்டிவிட்டி’ என்று ஓர் எண் உண்டு: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் கேட்கிறது என்பது. வீட்டு ஹாலில் வைக்கும் சிறிய பெட்டிக்கு 86 போல இருக்கும். மேடைக்கென்று செய்த நல்ல பத்து அங்குலப் பெட்டிக்கு 96, 97 இருக்கும். வித்தியாசம் பத்துதானே என்று தோன்றும். ஆனால் மூன்று டெசிபல் கூட்ட வேண்டுமானால் மின்திறன் இரண்டு மடங்காக வேண்டும், பத்து கூட்ட வேண்டுமானால் பத்து மடங்கு. அதாவது 97 உள்ள பெட்டியில் 20 வாட்டில் வரும் சத்தத்தை 86 உள்ள பெட்டியில் கொண்டுவர 250 வாட் தள்ள வேண்டும். ஒருவர் மிதிப்பதா, ஆறு பேர் மிதிப்பதா என்பது இந்த எண்ணில் முடிவாகிவிடுகிறது. நம் ஊர்க் குழாய் ஸ்பீக்கர் ஆட்டோவின் மேல் கட்டி, ஒற்றைப் பேட்டரியில் நாளெல்லாம் பிரசாரம் செய்வது இப்படித்தான். புனலின் திறன் அப்படி, ஒரு வாட்டிலேயே நூறு டெசிபலைத் தாண்டும். பேச்சுக்கு அது போதும், பாட்டுக்கு ஆகாது. குரல் தகரத்தில் தட்டியது போல வரும், கிட்டாரின் கீழ் நரம்பு காணாமல் போய்விடும்.

அடுத்தது தூரம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஆறு டெசிபல் குறையும். இதை வாட்டில் சொன்னால், இரண்டு மடங்கு தூரத்துக்கு அதே சத்தம் போக நான்கு மடங்கு மின்திறன் வேண்டும். 97 பெட்டி, 20 வாட், கேட்பவர் 16 மீட்டரில்: 97-இல் 24 கழித்து 13 கூட்டினால் 86 டெசிபல். கிராமத்துத் திடலில் சாயங்காலம் இது தாராளம், போக்குவரத்து இரைச்சல் 75 இருக்கும் சாலையோரத்தில்கூடச் சமாளிக்கலாம். அதே கூட்டத்தை 8 மீட்டருக்குள் உட்கார வைத்தால் 5 வாட் போதும். ஒருவர் பேசிக்கொண்டே மிதிக்கலாம். காலில் சம்பாதிக்க முடியாத சத்தத்தை ஜமுக்காளம் விரித்துச் சம்பாதிக்கலாம் என்பேன். நூறு பேரை நீள வரிசையில் நிற்க வைக்காமல் அரைவட்டமாக உட்கார வையுங்கள். முன்னே குழந்தைகள், அப்புறம் பெரியவர்கள், பின்னால் நிற்பவர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் கோயில் மதிலோ பள்ளிக்கூடச் சுவரோ இருந்தால் வாத்தியங்களின் நேரடிச் சத்தமும் முன்பக்கம் திரும்பும். தெருக்கூத்துக்காரர்கள் விடிய விடிய மைக் இல்லாமல் ஆடிய காலத்தில் சபை இப்படித்தான் நெருங்கி உட்கார்ந்தது. நாடக மேடையில் கிட்டப்பா அவ்வளவு உச்ச சுருதியில் பாடியதற்கும் மைக் இல்லாத கொட்டகைதான் பின்னணி. ஸ்பீக்கரைத் தலைமட்டத்துக்கு மேலே ஏற்றுங்கள். தரையில் வைத்தால் முன்வரிசை ஆட்களின் உடம்பே சத்தத்தைக் குடித்துவிடும். ஸ்டாண்டைச் சுமக்காமல் திண்ணை, மேடைக்கல், மரக்கிளை எது கிடைக்கிறதோ அதைப் பயன்படுத்தலாம்.

இதிலிருந்து வாத்தியத் தேர்வும் வருகிறது. பறையும் தவிலும் திறந்த வெளிக்காகவே பிறந்தவை, அவற்றுக்கு மைக் வைப்பது மின்சாரத்தைக் கொட்டுவது. அவற்றை மைக்கிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி நிறுத்துங்கள், இல்லையென்றால் பாடகரின் மைக்கிலேயே நுழைந்து எல்லாவற்றையும் மூடிவிடும். மின்சாரம் தேவைப்படுவது குரல், கிட்டார், புல்லாங்குழல் மாதிரி மென்மையானவற்றுக்கு. அதிகமாகத் தின்பது பேஸ். தாழ்ந்த சுருதிகளுக்குக் காது மந்தமாக இருப்பதாலும், திறந்த வெளியில் சுவரின் உதவி இல்லாததாலும், ‘தும் தும்’ என்று நெஞ்சில் இடிக்க வைக்க ஆகும் வாட் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் வராது. சப் வூஃபரை வீட்டில் விட்டுவிடுங்கள். மிக்சரில் ‘லோ கட்’ பொத்தானை எல்லாச் சேனலிலும் அழுத்தி, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். உங்கள் பேஸ் கிட்டார்காரர் கோபித்துக்கொள்வார். அவருக்கு ஒரு கஹோனை, அதாவது மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டியைக் கொடுங்கள், உட்கார நாற்காலியும் ஆயிற்று.

மின்னாக்கிக்கு வருவோம். கேள்வியில் கார் ஆல்டர்னேட்டர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதன் காந்தத்தை உயிர்ப்பிக்கவே முப்பது, நாற்பது வாட்டைத் தின்னும், ஒருவர் கால் அதற்கே சரியாகப் போகும். வேகமும் நிமிடத்துக்கு ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் கேட்கும். பழைய சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். ஐந்து மணி நேரம் ஓட்டினால் 15 வாட்-மணி. ஒரு செல்போனை ஏறக்குறைய நிரப்பலாம், கச்சேரிக்கு ஆகாது. நல்ல தேர்வுகள் இரண்டு. ஒன்று, சிறிய மின்ஸ்கூட்டர்களில் வரும் 24 வோல்ட், 250 வாட் நிரந்தரக் காந்த டி.சி. மோட்டார். அதைச் சுற்றினால் அதுவே மின்னாக்கி. அதன் தண்டில் ஐந்து செ.மீ. உருளை மாட்டிப் பின் டயரில் அழுத்தினால், மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மிதிக்கும்போது இரண்டாயிரம் சுற்று போல ஓடி, சுமை ஏற்றிய பிறகும் 14, 15 வோல்ட் கிடைக்கும். விலை குறைவு, ரிச்சி தெருவிலோ பழைய சாமான் கடையிலோ தேடினால் கிடைக்கும். குறை என்னவென்றால் உருளை ஊளையிடும், மெல்லிய பாட்டில் அது மைக்கில் கேட்கும். டயரும் தேயும். மற்றது, மின்சைக்கிளின் ஹப் மோட்டாரைப் பின் சக்கரமாகவே கட்டுவது. மூன்று ஒயரில் வரும் மாறுதிசை மின்சாரத்தை டயோடு பாலம் வைத்து நேராக்க வேண்டும். சத்தமே இருக்காது, உரசல் இழப்பும் இல்லை. ஆனால் வாங்கும்போது ‘டைரக்ட் டிரைவ்’ வகையா என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே பல்சக்கரம் உள்ள வகையில் ஒருவழிக் கிளட்ச் இருக்கும், மிதித்தால் மோட்டார் சுற்றாது, கரண்ட் வராது. கனம் ஐந்து, ஆறு கிலோ. தொலைதூரம் போகிற உங்களுக்கு எது சரி என்று கேட்டால், நான் உருளையைத்தான் சொல்வேன். கழற்றிப் பையில் போடலாம், ஒரு சைக்கிள் பழுதானால் இன்னொன்றில் மாட்டலாம்.

ஓட்டும்போதே பேட்டரியை நிரப்பிக்கொண்டு போனால் என்ன என்ற யோசனை எல்லோருக்கும் வரும். சுமையோடு நாள் முழுக்க ஓட்டுபவர் சக்கரத்துக்குத் தருவதே எண்பது, நூறு வாட். அதில் ஐம்பதைப் பேட்டரிக்குத் திருப்பினால் பாதி உழைப்பு போயிற்று. மலை இறக்கங்களில் இலவசமாக நிரப்பலாம், ஆனால் சோழமண்டலக் கடற்கரையில் இறக்கத்துக்கு எங்கே போவது?

மின்னாக்கியையும் ஆம்ப்பையும் நேராக இணைக்க முடியாது. மிதிப்பவர் ஒரு கணம் தளர்ந்தால் வோல்ட்டேஜ் சரிந்து, ஆம்ப் ‘டப்’ என்று அணைந்துவிடும். நடுவில் மின்சாரத்தைச் சற்றுச் சேர்த்து வைக்கும் ஒரு தொட்டி வேண்டும். 2.7 வோல்ட், 350 ஃபாரட் சூப்பர் கெபாசிட்டர் ஆறை வரிசையாக இணைத்தால் 16 வோல்ட் தாங்கும். எடை அரைக் கிலோவுக்குள். 15 வோல்ட்டிலிருந்து 11-க்கு இறங்குவதற்குள் சுமார் 3000 ஜூல் தரும். 50 வாட் செட் ஒரு நிமிடம் ஓடும். ஆள் மாற அது போதும். மிதிப்பதை நிறுத்தினால் ஒரு நிமிடத்தில் பாட்டும் நிற்கும் என்பதால், காலால்தான் ஓடுகிறது என்பதைக் கூட்டம் கண்ணால் பார்க்கும். லித்தியம் பேட்டரி வைத்தால் சௌகரியம் அதிகம்தான், ஆனால் அது முந்தின இரவு லாட்ஜில் ஈ.பி. கரண்டில் நிரம்பியதா என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நான் கெபாசிட்டர் பக்கம். உச்சத்தையும் கட்டுப்படுத்த வேண்டும்: குத்துப் பாட்டு ஆரம்பித்ததும் இளவட்டங்கள் வெறிகொண்டு மிதிப்பார்கள், 16-ஐத் தாண்டினால் கெபாசிட்டர் போய்விடும். 15 வோல்ட்டில் தானாக எரியும்படி 55 வாட் ஹாலஜன் கார் பல்பு ஒன்றை ரிலே (தானாக இயங்கும் ஸ்விட்ச்) வைத்துக் கட்டிவிடுங்கள். மிச்சம் அதில் போய்விடும். பல்பு எரிந்தால் மெதுவாக மிதிக்கலாம் என்று அர்த்தம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இன்வெர்ட்டர் வாங்காதீர்கள். 12-ஐ 230 ஆக்கி, ஆம்ப்புக்குள் அதைத் திரும்பவும் இறக்குவது வீண்வேலை. சும்மா இருக்கும்போதே ஐந்து, பத்து வாட் தின்னும், மலிவான வகை ‘உய்ங்’ என்ற இரைச்சலையும் சேர்த்துத் தரும். 12 வோல்ட்டிலேயே ஓடும் ஆம்ப், 12 வோல்ட்டில் ஓடும் சின்ன மிக்சர், ஃபேன்டம் பவர் (மிக்சரிலிருந்து மைக்குக்குப் போகும் மின்சாரம்) தேவைப்படாத டைனமிக் மைக் இரண்டு அல்லது மூன்று. இவ்வளவுதான் செட். மிக்சருக்குத் தனியாக, உள்ளீடும் வெளியீடும் பிரிந்த வகை டி.சி. கன்வெர்ட்டர் போட்டால் ஹம், அதாவது ஸ்பீக்கரில் விடாமல் கேட்கும் ‘உம்’ இரைச்சல், பெரும்பாலும் போய்விடும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். ஹம் எங்கிருந்து வருகிறது என்பது ஒவ்வொரு செட்டிலும் ஒரு துப்பறியும் வேலை.

யார் மிதிப்பது? நீங்கள் ஐந்து பேரும் இல்லை. காலையில் அறுபது கிலோமீட்டர் ஓட்டியவர் மாலையில் மிதிக்கவும் வேண்டும், பாடவும் வேண்டும் என்றால் மூன்றாம் நாள் குழு உடைந்துவிடும். கேட்க வந்தவர்கள் மிதிக்க வேண்டும். அதற்கு ஆள் பஞ்சமே வராது, தடுப்பதுதான் கஷ்டம். ஆனால் நம் ஊர் உடைகளை நினைத்துப் பாருங்கள்: வேட்டி, லுங்கி, சேலை, தாவணி, துப்பட்டா. செயினிலும் உருளையிலும் சிக்கினால் நொடியில் இழுத்துவிடும். முழுச் செயின் கவர், பின் சக்கரத்தின் இருபக்கமும் வலைத்தடுப்பு, உருளைக்கு மூடி இந்த மூன்றும் இல்லாமல் பொதுமக்களை ஏற்றாதீர்கள். சீட் உயரத்தை ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே மாற்றும் கிளாம்ப் போடுங்கள். நடுவில் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள் ஒன்று குழுவில் இருந்தால் எல்லோரும் ஏறுவார்கள். கால் எட்டாத குழந்தைகளுக்குத் தாளம் போடும் வேலை கொடுங்கள்.

இது வெறும் கனவா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. கலிபோர்னியாவின் ஜிஞ்சர் நிஞ்சாஸ் குழு 2007-இல் கிளம்பி மெக்சிகோ வரை சைக்கிளில் போய், வழியெல்லாம் பெடல் மின்சாரத்தில் கச்சேரி செய்தது. அவர்கள் பயன்படுத்தியது பின்பக்கம் நீட்டிய எக்ஸ்ட்ராசைக்கிள் வகை. மறுகோடியில் பிரிட்டிஷ் ராக் குழுவான கோல்ட்பிளே: 2022-இல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் ரசிகர்கள் மிதிக்கும் சைக்கிள்களையும், துள்ளினால் மின்சாரம் தரும் தரையையும் மைதானங்களில் வைத்தார்கள். 2025 ஜனவரியில் மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் வந்துபோனார்கள். ஸ்டேடியம் அளவுக் கச்சேரி முழுவதும் அதில் ஓடும் என்று யாரும் நினைக்க வேண்டாம், அது ஒரு பங்கு மட்டும். உங்களுக்கு முன்னோடி முதல் குழுதான்.

சுமைக்கு வருவோம். நீட்டிய சைக்கிள் இங்கே கடைகளில் அரிது. தண்ணீர் கேனும் பால் கேனும் சுமக்கும் ஆட்களின் சைக்கிளைக் கவனியுங்கள்: தடித்த பின் கேரியர், இருபக்கமும் கொக்கி. அம்பத்தூர்ப் பக்கம் ஏதாவது வெல்டிங் பட்டறையில் அதே மாதிரி கேட்டால் அரை நாளில் செய்து தருவார்கள். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை பல பத்தாண்டுகள் சைக்கிள் செய்ததால் அந்த வட்டாரத்துக்கு சைக்கிள் கம்பி புதிதல்ல. ஒருவருக்கு 20, 25 கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். பத்து அங்குலப் பெட்டி இரண்டு, ஆம்ப், மிக்சர், மைக், ஒயர், உருளை, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 45 கிலோவுக்குள் அடக்கலாம், மீதி உங்கள் துணிமணி, வாத்தியம். மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் எல்லாவற்றையும் போட்டு ஒருவர் மிதிக்கலாமே என்ற ஆசை வரும். காசிமேட்டிலிருந்து மெரினாவுக்கு அது அருமையான மேடை. விழுப்புரம் தாண்டுவதற்குள் மிதிப்பவர் ராஜினாமா செய்வார்.

பின் சக்கரத்துக்கு 36 கம்பி, இரட்டைச் சுவர் ரிம். உடைவது பெரும்பாலும் ஃப்ரீவீல் பக்கத்துக் கம்பிதான், அந்த அளவில் பத்து கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் முகம் உள்பக்கம் பார்க்கட்டும், கீழே பழைய டியூபை மடித்து வையுங்கள். ஸ்பீக்கரை முதலில் கொல்வது மழை அல்ல, அதிர்வு. திருகு தளரும், ஈயப் பற்று விரியும். ஒரு சால்டரிங் அயர்னும் கொஞ்சம் ஈயமும் மைக்கைவிட முக்கியம், 12 வோல்ட்டில் ஓடும் அயர்ன் கிடைக்கிறது. கடலோரம் உப்புக்காற்று ஜாக் எல்லாவற்றையும் கறுக்க வைக்கும், தினமும் துடைத்துவிடுங்கள்.

காலம் சரியாகத் தேர்ந்திருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் மழை, சித்திரை என்றால் வெயில். தை, மாசியில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருவதால் தெற்கே போகிறவர்களுக்கு முதுகில் தள்ளும். விடிவதற்குச் சற்று முன் கிளம்பி ஒன்பதரைக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுங்கள், பகலில் தூக்கம், மாலையில் கச்சேரி. கச்சேரி உள்ள நாளில் ஐம்பது, அறுபது கி.மீ. போதும். நெடுஞ்சாலை வழியாகக் குமரி ஏறக்குறைய 700 கி.மீ., கடலோரமாகச் சுற்றினால் இன்னும் கூடும். ராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேல முள் டயரைப் பதம் பார்க்கும், பஞ்சர் சாமான் ஆளுக்கொன்று இருக்கட்டும். பறையின் தோல் கடல் ஈரத்தில் தளர்ந்துவிடும். காய்ச்ச நெருப்பு மூட்ட முடியாத இடங்களுக்காகச் செயற்கைத் தோல் போட்ட ஒன்றையும் எடுத்துக்கொள்ளலாம், நாதம் கொஞ்சம் மட்டம்தான். முதல் பயணத்தையே குமரி வரை வைக்காமல் மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி என்று 150 கி.மீ. ஒரு வெள்ளோட்டம் போய் வாருங்கள். உடையக்கூடியது எல்லாம் அதற்குள் உடைந்துவிடும்.

அனுமதியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது: ஈ.பி. கரண்ட் எடுக்கவில்லை, ஆகவே அனுமதி வேண்டாம் என்று. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது பொருட்டே இல்லை. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்க எழுத்துமூலம் அனுமதி வேண்டும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல். நியாயமாகப் பார்த்தால் சென்னைத் தெருவின் ஹாரன் சத்தமே அதைத் தாண்டிவிடும், ஆனால் புகார் வந்தால் மாட்டுவது நீங்கள்தான். நகரத்தில் அந்தந்தக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனு கொடுங்கள். கிராமத்தில் காவல் நிலையத்தோடு ஊராட்சித் தலைவரையும் பாருங்கள், அவர் சொன்னால் ஜமுக்காளமும் இடமும் சாப்பாடும் சேர்ந்தே வரும். எந்தெந்த ஊரில் எவ்வளவு நாள் முன்னால் கொடுக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது, அதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வர சைக்கிள்களை ரயில் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் புக் செய்து அனுப்பலாம். ஸ்பீக்கரை மட்டும் கையோடு கொண்டுவாருங்கள்.

உங்களிடம் இருக்கும் அந்த ‘1000 வாட்’ பெட்டியின் பின்னால் மாடல் எண் இருக்கும், அதை வைத்துச் சென்சிட்டிவிட்டியைத் தேடிப் பாருங்கள். அது 94-க்கு மேல் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், 90-க்குக் கீழே என்றால் விற்றுவிடுங்கள். நடுவில் இருந்தால் எத்தனை பேருக்காகப் பாடப்போகிறீர்கள் என்று எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.